வார்டு எண் தெரியுமா? சென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஓர் உள்ளாட்சி வழிகாட்டி

சென்னைக்கு வந்து வீடு பிடித்து, கேஸ் இணைப்பை மாற்றி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து, தண்ணீர் கேன் போடுகிறவர் எண் முதல் அயர்ன் வண்டிக்காரர் எண் வரை செல்பேசியில் பதிந்து வைத்திருக்கும் ஒருவரிடம் "உங்க வார்டு எண் என்னங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் பின்கோடைச் சொல்வார்கள். எம்.எல்.ஏ. பெயர் தெரியும், எம்.பி. பெயர்கூடத் தெரியும். கவுன்சிலர் யார் என்றால் தலையைச் சொறிவார்கள்.

2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநில அளவில் 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. சென்னையில் 44-ஐக்கூடத் தொடவில்லை. மாநிலத்திலேயே கடைசி. "படிச்சவன் ஓட்டுப் போட மாட்டான், லீவு விட்டா ஊருக்குப் போயிடுவான்" என்று மறுநாள் எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. 1688-ல் தொடங்கிய, நாட்டிலேயே பழைய மாநகராட்சி இது. ஆனால் 1973-ல் மஸ்டர் ரோல், அதாவது தினக்கூலி ஆட்களின் வருகைப் பதிவேட்டு ஊழல் விவகாரத்தில், கவுன்சிலர்கள் கூடும் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான் வந்தது. நடுவில் 23 ஆண்டுகள். பிறகு 2016 அக்டோபரில் ஒரு மாமன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நீதிமன்றத்தில் சிக்கிக்கொண்டது. 2022 வரை கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். ஒரு தலைமுறையே கவுன்சிலரைப் பார்க்காமல் வளர்ந்த ஊரில், கவுன்சிலர் தேர்தலுக்கு வரிசையில் நிற்கும் பழக்கம் மட்டும் எங்கிருந்து வரும்?

இவ்வளவுக்கும் நம் ஓட்டுக்கு அதிக எடை இருப்பது இந்தத் தேர்தலில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-ல் சென்னை மாநகராட்சி வாக்காளர்கள் சுமார் 61 லட்சம் பேர். வார்டுகள் 200. சராசரியாக வார்டுக்கு 30 ஆயிரம் பேர். அதில் 44 விழுக்காடு என்றால் 13 ஆயிரத்துச் சொச்சம். ஐந்தாறு முனைப் போட்டியில் ஐயாயிரம், ஆறாயிரம் ஓட்டு வாங்கியவர் ஜெயித்துவிடலாம். அறுநூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம் திரண்டு வந்தால் முடிவே மாறும். மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரே ஓட்டு. அதை எப்படிப் பெறுவது, எப்படிப் போடுவது, போட்ட பிறகு சண்டை சச்சரவு இல்லாமல் எப்படி வேலை வாங்குவது என்று வரிசையாகப் பார்ப்போம். 2022 மார்ச் 2 அன்று பதவியேற்ற மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நீங்கள் இருப்பது சென்னை மாநகராட்சியில்தானா?

சிரிக்க வேண்டாம். குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல் எல்லாம் 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தவை. ஆவடி தனி மாநகராட்சி. பூந்தமல்லி நகராட்சி. மேடவாக்கம், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் பத்து மாடி அடுக்ககங்கள் நின்றாலும் நிர்வாகம் ஊராட்சியின் கையில் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் "சென்னை" என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஊராட்சி என்றால் ஊராட்சி மன்றத் தலைவரை நேரடியாகவே தேர்ந்தெடுப்பீர்கள், கிராம சபையும் உண்டு. விதிகளே வேறு. இந்தக் கட்டுரை சென்னை மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்கானது.

வார்டு எண்ணைக் கண்டுபிடிக்க எளிய வழி தெருப் பலகை. தெருப் பெயரோடு மண்டல எண்ணும் வார்டு எண்ணும் எழுதியிருக்கும், அதன்மேல் யாரும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டாமல் இருந்தால். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொத்து வரி ரசீதைக் கேளுங்கள். அதிலுள்ள நீண்ட எண்ணில் முதலில் மண்டலம், அடுத்து வார்டு, பிறகு பில் எண் என்று வரும். 2011-ல் நகர எல்லையை விரித்தபோது 200 வார்டு, 15 மண்டலம் என்று பிரித்தார்கள். அதற்கு முந்தைய பழைய எண்கள் இன்னும் சில காகிதங்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஏமாந்துவிடாதீர்கள். கட்சிக்காரர்கள் வார்டை வட்டம் என்பார்கள். சுவரொட்டியில் "வட்டச் செயலாளர்" என்று சிரித்துக்கொண்டிருப்பவர் உங்கள் வார்டுக்கானவர்.

இரண்டாம் படி: பட்டியலில் பெயர்

சென்னையில் ஓட்டு பறிபோவது வாக்குப்பதிவு நாளில் அல்ல, அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் அது பயன்படுத்துவது, இந்தியத் தேர்தல் ஆணையம் சட்டமன்றத்துக்காகத் தயாரிக்கும் அதே பட்டியலைத்தான். வார்டுவாரியாகப் பிரித்து அடுக்கிக்கொள்ளும். அதனால் சட்டமன்றப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கவுன்சிலர் தேர்தலிலும் ஓட்டு இல்லை.

2025 இறுதியில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை நினைவில் வையுங்கள். வரைவுப் பட்டியல் வெளிவந்தபோது தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. சென்னை மாவட்டத்தில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் என்று காரணம் சொன்னார்கள். வாடகை வீடு மாறி மாறிப் போகிறவர்கள்தான் இதில் முதலில் அடிபடுகிறவர்கள். ஆகவே "போன எலெக்‌ஷன்ல போட்டேனே" என்பது இப்போது எதற்கும் உத்தரவாதம் இல்லை. 1950 என்ற எண்ணில் கேளுங்கள், அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் செயலியில் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பாகம் எண், வரிசை எண் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் இருக்கிறது, ஆனால் திருநெல்வேலியிலோ தருமபுரியிலோ இருக்கிறது என்றால் படிவம் 8. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். படிவம் 6 என்பது முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கு. ஏற்கெனவே எங்கோ பட்டியலில் இருப்பவர் இடம் மாற்றிக்கொள்ள, பெயர்ப் பிழை திருத்த, புது அட்டை வாங்க எல்லாவற்றுக்கும் படிவம் 8தான். ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று படிவம் 6-ஐப் புதிதாகப் போட்டு வைத்தால் அது பொய் உறுதிமொழி. சட்டப்படி குற்றம்.

"ஊர்ல இருக்கட்டும், பொங்கலுக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஊர்ப் பாசம் புரிகிறது. குலதெய்வக் கோயில் ஊரில்தான் இருக்கிறது, அண்ணன் தம்பி அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் சட்டம் பார்ப்பது வழக்கமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதை மட்டும். ஊரில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் அங்கே வாக்காளர் ஆகிவிட முடியாது. இங்கே சொந்த வீடு இல்லாததால் ஓட்டு இல்லை என்றும் ஆகாது. உங்கள் தெருக் குப்பையை அள்ளுவது யார் என்று முடிவு செய்யும் மன்றம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கூடுகிறது. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அல்ல.

முகவரிச் சான்றுக்கு ஆதார், வங்கிப் பாஸ்புக், பாஸ்போர்ட், மின் கட்டண, தண்ணீர் வரி, கேஸ் ரசீது போன்றவை செல்லும். வாடகைக்காரர் என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் செல்லும். சென்னையில் பதினொரு மாத ஒப்பந்தத்தை யாரும் பதிவு செய்வதில்லை என்பது வேறு கதை. அதனால் வந்தவுடன் ஆதார் முகவரியை மாற்றுவதோ, கேஸ் இணைப்பை உங்கள் பெயருக்குக் கொண்டுவருவதோதான் நடைமுறையில் கைகொடுக்கும். விண்ணப்பித்த பின் வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது பி.எல்.ஓ., வீட்டுக்கு வந்து பார்ப்பார். பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ மாநகராட்சி ஊழியரோதான் இந்தக் கூடுதல் வேலையைச் சுமக்கிறவர். வெயிலில் நான்கு மாடி ஏறி வருகிறவரை வாசலிலேயே நிறுத்தி "என்ன வேணும்?" என்று கேட்காமல், ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். அடுக்ககக் காவலாளியிடம் அவர் பெயரைச் சொல்லி, உள்ளே விடும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "வீடு பூட்டியிருந்தது" என்ற குறிப்பு பாதி இடங்களில் கேட்டிலேயே பிறக்கிறது.

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ, ஏதாவது ஒன்றில் பதியலாம். பதினெட்டு நிரம்புவதற்கான தகுதி நாள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. பதினேழு முடிந்தவுடனே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். நடைபாதையில் வசிப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு. முகவரிச் சான்று தேவையில்லை. அவர்கள் படிவத்தில் சொன்ன இடத்தில் உண்மையிலேயே இரவு தூங்குகிறார்களா என்று பி.எல்.ஓ. இரவில் வந்து பார்ப்பார். பாரிமுனைப் பக்கம், சென்ட்ரல் பக்கம் வேலை செய்யும் தன்னார்வலர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தால் பெரிய உதவி.

கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் பற்றி ஒரு வார்த்தை. வீடு மாறியதோடு அவர்களுடைய உள்ளாட்சியே மாறிவிட்டது. மாநகராட்சி வார்டிலிருந்து ஊராட்சிக்குப் போனார்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா அப்படி வந்தவராக இருந்தால், அவருடைய படிவம் 8-ஐ உங்கள் செல்பேசியில் நிரப்பிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். யாருக்குப் போடப் போகிறார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: வேட்பாளரிடம் பேசுவது

உள்ளாட்சித் தேர்தலின் சுகமே இதுதான். வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வருவார், உண்மையிலேயே வருவார். மேளம், பட்டாசு, சால்வை, ஆரத்தித் தட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் உங்களுக்கு ஒன்றரை நிமிடம் கிடைக்கும். "நல்லா பண்ணுங்க சார்" என்று கும்பிட்டு அனுப்பினால் அந்த ஒன்றரை நிமிடம் வீண். "இருபத்து மூணு டிசம்பர் புயல்ல நம்ம தெருவுல முழங்கால் தண்ணி நின்னுச்சே, அது எங்கே போய் வடியணும், எங்கே அடைச்சது, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெருவைத் தெரிந்தவர் உடனே கையை நீட்டிக் காட்டுவார். தெரியாதவர் தலைவர் பெயரைச் சொல்வார். உங்களுக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிட்டது. இன்னொரு கேள்வியும் பயன்படும்: "வார்டு மேம்பாட்டு நிதியை முதல் வருஷம் எதுக்குச் செலவு பண்ணுவீங்க?" ஆண்டுக்கு அரைக் கோடி ரூபாய் அளவில் புழங்கும் பணம் அது.

பாதி வார்டுகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட வார்டில் வேட்பாளர் அம்மா பின்னால் நிற்க, கணவர் முன்னால் வந்து பேசும் காட்சியை நிச்சயம் பார்ப்பீர்கள். அவரைத் திட்ட வேண்டியதில்லை. "வணக்கம்ண்ணே, ஒரு நிமிஷம், மேடம்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஜெயித்த பிறகும் அப்படியே. கடிதம் கவுன்சிலர் பெயருக்கு, தொலைபேசி அழைப்பு கவுன்சிலர் எண்ணுக்கு. சென்னை மேயர் பதவியே 2022-ல் பட்டியல் சாதிப் பெண்ணுக்கென ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா அந்தப் பொறுப்புக்கு வந்தார். அப்போதும் "சின்னப் பொண்ணு, இவங்களுக்கு என்ன தெரியும்" என்று பேசியவர்கள் இருந்தார்கள். சாலை சரியில்லை என்றால் சாலையைப் பற்றிப் பேசலாம், நிதிநிலை அறிக்கை சரியில்லை என்றால் அதைப் பற்றிப் பேசலாம். சாதியையும் வயதையும் சேலையையும் பேசுவது விமர்சனம் ஆகாது.

பணம். வராது என்று நான் சொல்லப் போவதில்லை. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா காரணமாகவே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. அதுவும் இதே ஊர்தான். ஓட்டுக்குக் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டும் குற்றம். வீட்டுக்கு வந்தால் "வேணாம்ண்ணே, எங்க வீட்ல பழக்கமில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்துங்கள். கொடுக்க வருகிற பையன் பெரும்பாலும் உங்கள் தெருப் பையன்தான், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவன். வாங்கிய ஏழை வீட்டைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். அடுக்ககம் மொத்தமாகச் சங்கக் கட்டடத்துக்கு டைல்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பதும் அதே வகைதானே?

நான்காம் படி: வாக்குப்பதிவு நாள்

இது சுலபம். சட்டமன்றத் தேர்தலுக்குப் போன அதே பள்ளிக்குப் போய் நிற்காதீர்கள். வார்டுவாரியாகப் பட்டியல் பிரிவதால் சாவடியும் வரிசை எண்ணும் மாறலாம். சில வார்டுகளில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றும் சாவடிகள் உண்டு. கணவன் மனைவிக்கு வேறு வேறு இடம் வரலாம். முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். வாக்காளர் அட்டை இல்லாவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட் போன்றவற்றில் ஒன்று போதும். ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு வாட்ஸாப் செய்தி பறந்து வரும். "பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டுப் போடலாம், ஒரு சாவடியில் 14 விழுக்காட்டுக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறுவாக்குப்பதிவு." இரண்டுமே பொய். உண்மையில் இருப்பது இது: உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால், நீங்கள்தான் அவர் என்று நிரூபித்து ஆய்வுக்குரிய வாக்கு போடலாம். சத்தம் போடத் தேவையில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் "டெண்டர் ஓட்டு கொடுங்க" என்றால் அவருக்குப் புரியும்.

ஐந்தாம் படி: யாரிடம் எதைக் கேட்பது

சென்னையில் முக்கால்வாசிச் சண்டை, தவறான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்பதால் வருகிறது. தெருவில் தண்ணீர் நிற்கிறது. எந்தத் தண்ணீர்? மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் மெட்ரோ வாட்டர் என்று நாம் சொல்லும் குடிநீர் வாரியத்துடையது. அது 1978-ல் உருவான தனி நிறுவனம். கவுன்சிலர் அதற்கு உத்தரவு போட முடியாது, கேட்டு வாங்கித்தான் தர முடியும்.

எது எதுவென்று அடையாளம் காண்பது கடினமில்லை. சாலை நடுவில் வட்டமான இரும்பு மூடி என்றால் பெரும்பாலும் கழிவுநீர். சாலை ஓரத்தில் நடைபாதைக்கு அடியில் நீளமாகச் செவ்வகக் கான்கிரீட் பலகைகள் என்றால் மழைநீர் வடிகால். சித்திரை வெயிலில், ஒரு சொட்டு மழை இல்லாத நாளில், அந்தப் பலகையின் ஓட்டை வழியே பாருங்கள். உள்ளே காய்ந்த மண்ணும் பிளாஸ்டிக் உறையும் கிடந்தால் சரி, தூர் வார வேண்டும் என்று மட்டும் அர்த்தம். கறுப்பாக, சோப்பு நுரையோடு ஓடிக்கொண்டிருந்தால் யாரோ வீட்டுக் கழிவை வடிகாலில் கள்ளத்தனமாக இணைத்திருக்கிறார்கள். ஐப்பசி மழையில் உங்கள் வாசலுக்கு வரப்போவது அதுதான். அது உங்கள் அடுக்ககமாகவே இருக்கக்கூடும் என்பதால், புகார் கொடுக்கும் முன் சங்கச் செயலாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

வடிகால், குப்பை, தெருவிளக்கு, கொசு, தெரு நாய், சாலைப் பள்ளம்: மாநகராட்சியின் 1913. தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதிய எண்ணையும் சொல்லுங்கள். கழிவுநீர் அடைப்பு, குடிநீரில் நாற்றம்: மெட்ரோ வாட்டரின் 1916, அல்லது நேராக உங்கள் பகுதி டெப்போ. "ஜெட் ராடிங் வண்டி வேணும் சார்" என்று, அதாவது குழாய் அடைப்பை நீக்கும் வண்டியை, அங்கே கேட்டால் பேச்சு சுருக்கமாக முடியும். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மெட்ரோ வாட்டர் பகுதி அலுவலகங்களில் குறைகேட்புக் கூட்டமும் உண்டு. மின்தடை, கம்பிப் பொறி: மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. எதுவாக இருந்தாலும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

அது நகரவில்லை என்றால் அடுத்து வார்டு உதவிப் பொறியாளர், பிறகு மண்டல அலுவலகம், கூடவே கவுன்சிலர். அதற்கும் பதில் இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் "ஏன் இந்த அநியாயம்?" என்று எழுதாதீர்கள். "இந்தத் தெரு வடிகாலில் கடைசியாக எந்தத் தேதியில் தூர் வாரப்பட்டது, ஒப்பந்தத் தொகை எவ்வளவு, அளவுப் புத்தக நகல் தருக" என்று எழுதுங்கள். அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து பொறியாளர் எழுதிவைக்கும் ஏடு. ஏட்டில் இருக்கும் விவரத்தைக் கேட்டால்தான் பதில் வரும்.

வாசலுக்கு வரும் தூய்மைப் பணியாளர் இந்த வரிசையில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வண்டி எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை வண்டி என்பதெல்லாம் அவர் முடிவு செய்வதில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் அந்த வேலை தனியாருக்குப் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் வேலை, சம்பளம் பற்றியே தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. அவர்களிடம் "ஏம்மா, மூணு நாளா எங்க போன?" என்று எரிந்து விழுவதில் பயனில்லை. நீங்க, வாங்க என்று பேசுங்கள்.

பேச்சு என்றதும் இன்னொன்று. கோவைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்குச் சென்னையின் "வாப்பா", "இன்னாபா" முதலில் சுருக்கென்று தைக்கும். அலுவலக உதவியாளரோ கவுன்சிலரின் ஆளோ அப்படிப் பேசினால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் அது நெருக்கம். முகத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஆறாம் படி: பகுதி சபா

பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிராமத்தில் கிராம சபை மாதிரி நகரத்துக்குப் பகுதி சபாவும் வார்டு குழுவும் வேண்டும் என்று 2022-ல் விதிகள் வந்தன. முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று நடந்தன. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அம்பேத்கர் பிறந்தநாள், அண்ணா பிறந்தநாள் போன்ற நாள்களை ஒட்டிக் கூட்டம் வரும். எப்போது, எங்கே என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். அந்தப் பகுதிப் பட்டியலில் பெயர் உள்ள எவரும் போய் உட்காரலாம், பேசலாம். இரண்டாம் படியை நான் ஏன் அவ்வளவு நீட்டினேன் என்பது இப்போது புரியும்.

காட்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக். முன் வரிசையில் கட்சிக்காரர்கள். முதலில் எழுந்த பெரியவர் "நாலு வருஷமா சொல்றேன், ஒருத்தனும் கேக்கல" என்று ஆரம்பித்து, பழைய ஆட்சி, புது ஆட்சி எல்லாம் சுற்றி வருவார். கவுன்சிலருக்கு முகம் சிவக்கும். பின்வரிசை கைதட்டும். பத்து நிமிடம் போய்விடும், எதுவும் பதிவேட்டில் ஏறியிருக்காது. அடுத்து ஓர் அம்மா எழுந்து, செல்பேசியை நீட்டி, "சார், இது புகார் எண், இது கொடுத்த தேதி, இது இன்னிக்குக் காலைல எடுத்த படம். எந்தத் தேதிக்குள்ள முடியும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்பார். உதவிப் பொறியாளர் பேனாவை எடுப்பார். பெரியவரின் கோபம் நியாயமானதுதான், அம்மாவின் கோபம் அதைவிடக் குறைந்ததும் இல்லை. ஆனால் அவருக்குத்தான் ஒரு தேதி கிடைத்தது.

போகும்போது ஒரே பிரச்சினையை எடுத்துப் போங்கள். மூன்றை எடுத்துப் போனால் சுலபமான ஒன்றுக்கு "ஆகட்டும்" சொல்லி மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள். பக்கத்துத் தெருக்காரரையும் அழைத்துச் செல்லுங்கள், அவர் வேறு கட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. கூட்டம் முடிந்ததும் தீர்மானத்தில் உங்கள் தெருப் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள். வேலை நடந்தால் கவுன்சிலருக்கு இரண்டு வரி நன்றி அனுப்புங்கள். எதிர்க்கட்சிக் கவுன்சிலர் என்றாலும்.

ஏழாம் படி: அசோசியேஷன் வாட்ஸாப் குழு

தேர்தல் நேரத்தில் நல்ல அண்டை வீட்டார் எதிரிகளாவது இங்கேதான். குழு நடத்துபவர் அறிவிப்பு வருவதற்கு முன்பே இரண்டு விதிகளைச் சொல்லிவிடலாம். கட்சிப் பாட்டு, தலைவர் படம், கேலிப் படம் கிடையாது. "வடக்கன்" என்ற வார்த்தையும் கிடையாது. சௌகார்பேட்டையில் தலைமுறைகளாக இந்தி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நேற்று பாட்னாவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். இந்நாட்டுக் குடிமகனாக இங்கே வழக்கமாக வசித்தால் அவருக்கும் அதே படிவம், அதே உரிமை. அவர் கட்டும் வாடகையிலும் சொத்து வரி இருக்கிறது.

அவதூறாக யாராவது எதையாவது போட்டுவிட்டால், குழுவில் வைத்து மடக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு "அண்ணே, அது பழைய வீடியோ, எடுத்துடுங்களேன்" என்று சொன்னால் பத்தில் எட்டுப் பேர் எடுத்துவிடுவார்கள். குழுவில் சொன்னால் பத்துப் பேருமே எடுக்க மாட்டார்கள்.

வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் குழுவில் ஒரே ஒரு செய்தி போதும். எந்தப் பிளாக்குக்கு எந்தச் சாவடி, அங்கே நடக்க எவ்வளவு நேரம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் பள்ளியின் எந்த கேட்டில் இருக்கிறது, கார் இல்லாத மூத்தவர்களைக் காலையில் யார் அழைத்துப் போகிறார்கள், அவர்களுடைய தொலைபேசி எண்.